ஹில்டகார்டுக்கு ஒரு போத்தல்

கால்க் பே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டு முடியும் இடத்தில் ஃப்ளோரிஸ் தனியாக நின்று தூண்டில் போடுவார். மற்றவர்கள் நடுச்சுவரில் கூடி நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். மனைவி இறந்ததிலிருந்து எட்டு மாதங்களாக அந்தப் பேச்சு அவருக்கு ஆகவில்லை.

அன்று காலை அவர் தூண்டிலை மஞ்சள்வால் மீன் ஒன்று கவ்வியது. அரைமணி நேரம் இழுத்துச் சுவரடிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் சுவர் இரண்டு ஆள் உயரம். அவ்வளவு பெரிய மீனைத் தூக்கினால் தூண்டில் நரம்பு அறுந்துவிடும். கீழே வலை இறக்க இன்னொருவர் வேண்டும். போதாததற்குக் கடல்நாய் ஒன்று வேறு மூக்கை நீட்டிச் சுற்றி வந்தது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினார். பல நாள் பேசாத தொண்டை, பாதிக் குரல்தான் வந்தது.

நடுச்சுவரில் அயிலை மீன் பிடித்துக்கொண்டிருந்த மைமூனா வளையவலையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "தலையை இந்தப் பக்கம் திருப்புங்கண்ணே! அந்தத் தடியன் வந்துருவான்!" வலையை இறக்கி மீனை வாரினாள். இருவரும் சேர்ந்து இழுத்ததில் மீன் சுவரின் மேல் வந்து விழுந்து துள்ளியது.

"அடேயப்பா! இத யாரு சாப்பிடுறது? வீட்ல எத்தன பேரு?"

"நானும் வீட்டுக்காரியும்தான்." வாய் தவறித்தான் வந்தது. திருத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் நாக்குக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

"ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்களேன்."

"அவளுக்கு இருமல். காத்து ஒத்துக்காது."

பாதி மீனை வெட்டி அவளுக்குக் கொடுத்தார். மறுநாள் அவளாகவே வந்து, இருமல் எப்படி என்று விசாரித்தாள். கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார். அதற்கடுத்த நாள், ராத்திரி நன்றாகத் தூங்கினாள் என்றார். வீட்டில் மிச்ச மீன் தொடாமல் கிடந்து கெட்டுப்போனது.

நான்காம் நாள் மைமூனா ஒரு போத்தலை நீட்டினாள். வெங்காயமும் மசாலாவும் போட்டு வினிகரில் ஊறவைத்த மீன். "அவங்களுக்குன்னு உறைப்பக் கொறச்சிருக்கேன். தொண்ட எரியாது."

வாங்கக் கை நீளவில்லை. "அவ இல்லம்மா," என்றார். "மார்ச்லயே போயிட்டா."

மைமூனாவின் முகம் சிவந்தது. "மூணு நாளா ஒவ்வொரு தொழுகையிலயும் அவங்க இருமலுக்கு துவா கேட்டிருக்கேன். என்ன ஆளுண்ணே நீங்க?"

"தப்புதான்."

"தப்புதான்னா ஆச்சா?" போத்தலை அவர் வாளியருகே வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். ஃப்ளோரிஸ் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இரண்டு முறை இரை பறிபோனது, கவனிக்கவில்லை.

வெயில் ஏறியதும் அவள் தன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மறுபடி வந்தாள். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது.

"பேராவது சொல்லுங்க. பேர் தெரியாமயே கேட்டுட்டிருந்தேன்."

"ஹில்டகார்ட்."

"இனிமே பேர் சொல்லிக் கேக்குறேன். வேற துவா." சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள்.

மற்றவர்களும் கிளம்பிவிட்டதால் சுவரில் யாரும் இல்லை. ஃப்ளோரிஸ் அந்தப் பெயரை இன்னொரு முறை வாய்விட்டுச் சொன்னார். பிறகு போத்தலைத் திறந்து, நின்றபடியே, விரலால் எடுத்துச் சாப்பிட்டார்.