முக்காலியில் அமர்ந்தவர்

பேருந்து நடத்துநருக்கு ஒரு பலவீனம் உண்டு. நாளெல்லாம் நின்றே பிழைப்பவர் ஆதலால், காலி இருக்கை கண்ணில் பட்டால் கால்கள் தாமாக மடங்கிவிடும். அந்தப் பலவீனம்தான் அன்று மனநல மருத்துவமனையில் அவரைக் கவிழ்த்தது.

உடன் வந்தவன் மனைவியின் தம்பி. கடிகாரம் பழுது பார்ப்பவன். கலங்கிய மனம் தெளிந்து வெகுகாலம் ஆகியும் மாத்திரை மட்டும் குறையவில்லை. அதன் வேகத்தில் விரல்கள் நடுங்கின, இடுக்கியில் பிடித்த திருகாணி எங்கோ பறந்தது, கடை பூட்டிக் கிடந்தது. அளவைக் குறைக்கச் சொல்லி இன்று கேட்டே தீரவேண்டும். யார் கேட்பது? வழக்கம்போல் நடத்துநர்தான். அவன் வாய்க்கும் அவரே சொந்தக்காரர் என்று குடும்பம் என்றோ தீர்மானித்துவிட்டது.

அந்த அறையின் சட்டம் எளியது: முக்காலியில் அமர்பவர் நோயாளி, நிற்பவர் துணை. வாசலில் ஊரே காத்திருக்க, ஒற்றை மருத்துவருக்கு முகம் பார்க்க நேரமேது? மனத்துக்கு மருந்து தரும் இடத்தில் முகத்துக்கு ஒரு பார்வை தர ஆளில்லை என்றால், கோளாறு யாருடைய தலையில்?

நடத்துநர் முக்காலியைக் கண்டார், அமர்ந்தார்.

மருத்துவர் குனிந்தபடியே தூக்கம் எப்படி என்றார். தமக்கு ஒன்றுமில்லை என்றார் நடத்துநர். எல்லாரும் சொல்வதுதான் என்று ஒரு மாத்திரை கூடியது. நோயாளி அவன் என்று கை நீட்டினார். பிறர்மேல் பழி போடும் குணம் என்று இன்னொன்று கூடியது. குரலை உயர்த்தினார், ஊசி என்ற பேச்சு எழுந்தது. வாய் திறந்தாலே அது தமக்கு எதிர்சாட்சியாகும் விந்தையை அவர் அன்றுதான் கண்டார். மைத்துனன் இத்தனை நாளும் மாத்திரையோடு இதையும் சேர்த்தா விழுங்கினான்?

மருத்துவர் நின்றவனிடம், இவர் வீட்டில் முரண்டு பிடிப்பாரா என்று வினவினார்.

"முரண்டு உண்டு டாக்டர். ஆனா கடிக்கமாட்டாரு."

"மாப்ள, என் உசுரோட விளையாடாத," என்று கெஞ்சினார் நடத்துநர்.

அவன் சிரித்துக்கொண்டே நடுங்கும் கைகளை மேசைமேல் வைத்தான்.

"அவரு எங்க அத்தான். நோயாளி நான்தான். இத்தன தடவ வந்தும் நீங்க என் முகத்தப் பார்த்ததில்ல. முகம் கெடக்கட்டும், இந்தக் கையப் பாருங்க. இத வச்சு ஒரு கடிகாரத்தத் தொறக்க முடியல."

மருத்துவர் நிமிர்ந்தார். அவனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டுத் தலையில் கைவைத்துச் சிரித்தார். பிறகு அவனை அமர்த்தி, வாசலில் எழுந்த முணுமுணுப்பையும் பொருட்படுத்தாமல், அவன் வாயாலேயே எல்லாவற்றையும் கேட்டார்.

வீட்டு வாசலிலேயே அக்காள் வழிமறித்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கணவரைக் கேட்டாள். பழக்க தோஷத்தால் வாய் திறந்த நடத்துநர், முக்காலி நினைவுக்கு வரவே மூடிக்கொண்டார்.

"அவன்தான் நிக்கிறானே. அவனையே கேளு."

"எனக்கு ஒரு மாத்திர கொறஞ்சிருக்குக்கா," என்றான் தம்பி. "அத்தானுக்குத்தான் ரெண்டு கூடிடுச்சு."