அக்கரையிலிருந்து வந்தவர்

ரோதிகா அப்பாவின் தாடையில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அந்தப் பெயரைச் சொன்னார்.

"நான் போனதும் யெஃபிமுக்குச் சொல்லிடும்மா."

"யாருப்பா அது?"

"அக்கரை ஜெயில்ல காவலாளி."

அவள் கை நின்றது. அவள் அப்பா செராஃபிம் போஸ்தான் நிஸ்த்ரு ஆற்றின் அக்கரையில் நகரமன்ற உறுப்பினராக இருந்தவர். பிரிவினைவாதிகள் அங்கே தனி நாடு என்று அறிவித்தபோது, பள்ளிப் பிள்ளைகள் ருமேனிய மொழியை ருஷ்ய எழுத்தில் அல்ல, அதன் சொந்த லத்தீன் எழுத்தில்தான் படிக்க வேண்டும் என்று மேடையேறிச் சொன்னார். அதற்காக ஒன்பது வருடம் உள்ளே வைத்தார்கள். திரும்பி வந்தபோது வாயில் பாதிப் பற்கள்கூட இல்லை. அந்த வருடங்களைப் பற்றி அவர் பேசியதில்லை, பிள்ளைகளும் கேட்டதில்லை.

"அவன் டியூட்டின்னா ரேடியோவைக் கொண்டாந்து என் கதவுகிட்ட வெச்சுடுவான். நம்ம பாஷை நிலையம். 'என்ன எழவு பேசுறானுங்களோ'ன்னு ருஷ்யன்ல திட்டிக்கிட்டே வெப்பான். நீ ஸ்கூல் விழாவுல பாடினத ரேடியோவுல போட்டாங்களே, அதை அங்கதான் கேட்டேன்."

அப்போது ரோதிகாவுக்குப் பதினோரு வயது. அப்பா கேட்கவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டுதான் பாடினாள்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன். நடுவுல சுருதி விட்டுட்ட."

அவள் சிரித்துவிட்டாள்.

"கத்தியப் பாத்துடி. சாகறதுக்குள்ள கழுத்த அறுத்துடாத."

அன்று பிற்பகலில் அவர் மூச்சு அடங்கியது. வழக்கப்படி, ஏற்றிய மெழுகுவத்தியை அவர் உள்ளங்கையில் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்திருந்தாள்.

அப்பாவின் குறிப்பேட்டில் இருந்த எண்ணில் அவள் யெஃபிமைக் கூப்பிட்டுச் சொன்னது அண்ணன் கோஸ்தினுக்குப் பிடிக்கவில்லை.

"அப்பாவைப் பூட்டி வெச்சவனை இந்த வீட்டுக்குள்ள விடணுமா?"

"நான் கூப்பிடலண்ணே. அப்பா கூப்பிட்டாரு."

மூன்றாம் நாள், அடக்கத்துக்குப் பாதிரியார் வருவதற்கு முன்பே, குள்ளமான ஒரு கிழவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வேலிக் கதவருகே வந்து நின்றார்.

"உள்ள வரலாமாம்மா? வேணாம்னா இங்கயே நின்னுக்கறேன்."

ரோதிகா அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். சவப்பெட்டியருகே அவர் வெகுநேரம் நின்றார்.

"தாடியில்லாம இப்பத்தான் பாக்கறேன்."

"நான் பாடினதைக் கேட்டாராமே?"

"கதவுல நெத்திய வெச்சுக்கிட்டு நின்னாரு. என்னய்யா ஆச்சுன்னேன். 'என் பொண்ணு'ன்னாரு. எனக்கு ரேடியோவை எடுக்க மனசு வரல. பாட்டு முடியறதுக்குள்ள அதிகாரி வந்துட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எனக்கு அங்க வேலை இல்ல. ரயில்வேயில கரி அள்ளினேன்."

ரோதிகா பிடித்த கையை விடவில்லை. பூ வேலைப்பாடு செய்த துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டி சுமப்பவர்களின் கையில் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்த கோஸ்தின், கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கிழவரிடம் வந்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"கைய நீட்டுங்க."

துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

தேவாலய மணி அடித்தது. பெட்டியைத் தூக்கினார்கள். யெஃபிமுக்கு உயரம் போதாததால் முன்பக்கம் ஒரு மூலை தாழ்ந்தது. பின்னால் சுமந்த கோஸ்தின் முழங்காலைச் சற்று மடித்துக்கொண்டான். கல்லறைவரை அப்படியே நடந்தான்.