ஏழாம் தட்டில் கடைக்குட்டி

நுண்ணோக்கியில் வைத்த கண்ணை எடுக்காமலே காதுக்காரி ஒரு கையை நீட்டிப் பக்கத்து மேசையைப் படபடவென்று தட்டினாள். அந்த மேசையில் யாரும் இல்லை. இருந்தாலும் தட்டினாள். பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

அந்தக் கட்டடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஈயை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர் ஈக்காரர், மீன் வளர்க்கிறவர் மீன்காரர், இவள் காதுக்காரி. எலிக்குட்டியின் உட்காதிலிருந்து எடுத்த, அரிசி மணியைவிடச் சின்னத் துணுக்குகளைக் கண்ணாடித் தட்டுகளில் வைத்து வளர்ப்பது இவள் வேலை. ஒலியை வாங்குகிற செல்களின் தலையில் மெல்லிய முடிகள் நிற்கும். ஒலி வந்தால் முடி சாயும், சாய்ந்தால் மூளைக்குச் சேதி போகும். அந்தச் செல் ஒருமுறை செத்தால் செத்ததுதான், நமக்கு மறுபடி முளைப்பதில்லை. பக்கத்தில் தாங்கிக்கொண்டு நிற்கிற துணைச் செல்களை முடிச் செல்லாக மாற்ற முடியுமா என்பதுதான் இவள் கேள்வி. கல்யாணமான புதிதில் இதை மாமியாருக்கு விளக்கப் போய், "காதுக்குள்ள முடி வளர்க்கிறேன் அத்தை" என்று சொல்லிவிட்டாள். "அதுக்கு எதுக்கும்மா இத்தனை படிப்பு? உங்க மாமா சும்மாவே வளர்க்கிறாரே" என்றாள் அத்தை.

மாற்றுகிற வேலையை முக்கியமாக மூன்று ஜீன்கள் பார்க்கின்றன. எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாத பெயர்கள் அவற்றுக்கு. அதனால் ஆய்வகத்தில் மூத்தது, நடுவுலது, கடைக்குட்டி. மூத்தது முதலில் விழித்து, "நீ முடிச் செல்லாகு" என்று உத்தரவு போடும், தம்பிகளையும் எழுப்பிவிடும். கடைக்குட்டி எழுந்தால்தான் செல் பிழைத்து நிற்கும். மூத்ததை எழுப்ப ஒரு மருந்து உண்டு, சாவித் தண்ணி என்பார்கள். அதை விடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் அங்கே வழக்கம். இவளும் வருஷக்கணக்காக ஊற்றினாள். செல்கள் எழுந்தன, பாதி முடியோடு நின்றன, கொத்துக் கொத்தாகச் செத்தன. எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

ஆய்வகத் தலைவர் போன வாரம் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை கூட்டத்துல ஏதாச்சும் காட்டுங்க. இல்லேன்னா காதை மூடிட்டு, கண்ணு ஆராய்ச்சிக்கு வந்துடுங்க. அங்க ஆள் வேணும்." அவர் கெட்டவர் இல்லை. அதுதான் இவளுக்கு இன்னும் எரிச்சல்.

இன்று வெள்ளிக்கிழமை. ஏழாம் தட்டில் செல்கள் சாகவில்லை.

சாகாதது மட்டுமில்லை, முடிகள் படிப்படியாக உயர்ந்து, வரிசை கலையாமல் நின்றன. ஒரு முடிச் செல், அதைச் சுற்றித் துணைச் செல்கள், அப்புறம் இன்னொரு முடிச் செல். எது முதலில் முடிச் செல்லாகிறதோ, அது பக்கத்தில் உள்ளவற்றைத் தடுத்துவிடும். காலையில் முந்திக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிற தம்பி மாதிரி. அந்தத் தடுப்புகூட ஏழாம் தட்டில் ஒழுங்காக நடந்திருந்தது.

மற்ற தட்டுகளைப் பார்த்தாள். எல்லாம் இழவு வீடு. ஏழுக்கு மட்டும் என்ன வந்தது? ஓடிப்போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். தட்டுக்கு ஒன்றாக வைத்த சாவித் தண்ணிக் குப்பிகளில் மற்றவை எல்லாம் காலி. ஏழாவது மட்டும் பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

அத்தை! அத்தையின் தொலைபேசி அழைப்பு!

சில நாளுக்கு முன் மருந்து விடும்போது மீன்காரர் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் இவள், "மூத்ததைப் பத்திக் கவலையே இல்லண்ணா, கடைக்குட்டி வந்துட்டா போதும்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் காதில் வைத்தாள். இவளுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறாள். மறுமுனையில் அத்தையின் குரல் ஆனந்தத்தில் உடைந்தது. "கடைக்குட்டியா! எத்தனை மாசம்மா?"

"ஐயோ அத்தை, இது எலியோடது..."

"எலியா? வீட்ல எலியா? இந்த நேரத்துல நீ மருந்து கிருந்து வைக்காதே, அவனை வைக்கச் சொல்லு!"

அத்தையைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தவள், கையில் கிடைத்த ஏழாம் தட்டை மருந்து விடத் தேவையில்லாத தட்டுகளோடு வளர்ப்புப் பெட்டியின் மேலடுக்கில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மேலடுக்குக்குச் சாப்பாடு மட்டும்தான் போகும். சாவித் தண்ணி ஒரு சொட்டுப் போகாது.

குளிர்பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மூத்தது எழுப்பிவிட வேண்டும், எழுப்பியதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்! எழுந்து உட்கார்ந்துவிட்ட பிள்ளையின் தலைமாட்டில் நின்று இத்தனை வருஷமும் "எழுந்திரு, எழுந்திரு" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறாள். எந்தப் பிள்ளைதான் உருப்படும்?

மீன்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அவர் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உடனே உறையவெச்சுப் படம் எடுத்துடும்மா. கூட்டத்துல படத்தைப் போடு. ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

உறையவைத்தால் செல் செத்துவிடும், ஆனால் உருவம் அப்படியே நிற்கும். பத்திரமான வழி. இவள் உதட்டைக் கடித்தாள்.

"முடி இருக்குண்ணா. ஆனா வேலை செய்யுதா?"

"அதை அப்புறம் பாக்கலாமே."

"உங்க மீனுக்குப் போடற சாயம் கொஞ்சம் குடுங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. வேலை செய்கிற முடியின் நுனியில்தான் கதவு திறந்திருக்கும். அந்தக் கதவு வழியாகத்தான் சாயம் உள்ளே போகும். வேஷம் கட்டி நிற்கிற செல்லுக்குள் போகாது. உள்ளே போன சாயம் இருட்டில் சிவப்பாக மின்னும். ஆனால் சாயம் விட்டுக் கழுவும்போது துணுக்கு பெயர்ந்துவிட்டால் செல்லும் இல்லை, படமும் இல்லை.

"இருக்கறத விட்டுட்டுப் பறக்கறதுக்கு ஆசைப்படாதே. கூட்டம் இப்போ ஆரம்பிச்சிடும்."

"படத்துல அழகாத்தான் இருக்கும். செத்ததுக்கப்புறம் அதுகிட்ட என்னத்தக் கேக்கறது? குடுங்கண்ணா."

சாயத்தை விட்டாள். கழுவத் தொடங்கினாள். துணுக்கின் ஒரு ஓரம் தட்டை விட்டு எழும்பியது. மீன்காரர் "ஐயோ" என்றார். ஓரம் ஆடிவிட்டு மெல்லப் படிந்தது. விளக்கை அணைத்தார்கள். நுண்ணோக்கிக்குள் கும்மிருட்டு. இவள் காத்திருந்தாள். இருட்டு இருட்டாகவே இருந்தது. போச்சு, எல்லாம் என் அவசரத்தால் போச்சு என்று நினைத்தாள். கண்ணில் நீர் முட்டி, இருட்டும் கலங்கியது.

கதவு திறந்தது. "எல்லாரும் வந்தாச்சு. வரீங்களா?" என்றார் தலைவர்.

"கதவைச் சாத்துங்க சார்!"

அவரை அப்படி அதட்டியது அவளுக்கே பிறகுதான் உறைத்தது. அதற்குள் இருட்டில் ஒரு கீற்று சிவந்திருந்தது. எழுந்து நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். கண்ணை நுண்ணோக்கியில் வைத்தார்.

"என்ன பண்ணினீங்க?"

"தப்பு பண்ணினேன் சார். ஏழுக்குப் பாதியில மருந்து விட மறந்துட்டேன்."

"அதே தப்பை மறுபடி பண்ண முடியுமா?"

"பண்ணிப் பாக்கறேன் சார். பத்துத் தட்டுல பண்றேன்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கூட்டத்துக்கு வந்தவர்கள் அங்கே காத்திருந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"சார், கொஞ்சம் நகருங்க."

அவர் நகர்ந்தார். அவள் குனிந்தாள். முடிகளின் நுனியில் பற்றிய சிவப்பு மெல்ல மெல்லச் செல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று, அதற்கும் அப்பால் வேறொன்று. இடையில் துணைச் செல்கள் இருட்டாக நின்றன. துணுக்கின் கடைசி ஓரத்தில், எதுவுமே இல்லை என்று அவள் நினைத்திருந்த இடத்தில், ஒரு புள்ளி இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருந்தது.