ரோஹிணி கட்டிய கப்பல்

விஸ்வேஸ்வரனை அவருடைய முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் புனேயில் குறைவு. தமிழ் மன்றத்து ஆட்களுக்கு அவர் 'செட் விச்சு'. பகலில் போசரியில் ஒரு இயந்திரக் கம்பெனியில் அளவுப்படம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். ஆண்டு விழா நாடகம் வந்துவிட்டால் அரண்மனை, ரயில்வே ஸ்டேஷன், கலெக்டர் பங்களா எல்லாம் அவர் கைவேலை. பதினைந்து வருஷமாக அந்த இடத்தில் அவருக்குப் போட்டியே இருந்ததில்லை.

ரோஹிணி அவரிடம் தூரிகை பிடிக்க வந்தவள். வானவடியில் இருந்த ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவி, முப்பது வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. "மாமா, இந்த மலை ரொம்பப் பச்சையா இருக்கே, கொஞ்சம் அழுக்காக்கட்டுமா?" என்று கேட்பாள். "உனக்குச் சொன்னதைச் செய்" என்பார் அவர்.

தொண்ணூற்றேழில் போசரியிலேயே, மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலைக் கொட்டகையை இந்தி டிவி தொடர் ஒன்றுக்காக வாடகைக்கு எடுத்தார்கள். கடல் கொள்ளையர் கதை. கடலே இல்லாத ஊரில் கப்பல் கட்ட ஆள் வேண்டும் என்று மன்றத்துக்குச் சேதி வந்தது. இயக்குநர் கேஷவ் முன்னால் விச்சுவும் ரோஹிணியும் உட்கார்ந்தார்கள். விச்சு அளவெடுத்துப் போட்ட பன்னிரண்டு தாள்களைப் பரப்பினார். கேஷவ் மரியாதையாகப் புரட்டினார். ரோஹிணி ஒரே ஒரு படம் வைத்தாள், வண்ணத்தில். கப்பலின் பின்பக்கத்தில் தலைவனின் அறை. கேஷவ் அதைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை.

ரோஹிணி கலை இயக்குநர் ஆனாள். விச்சு அவளுக்குக் கீழே கட்டுமான டிராயிங் போடுபவர்.

"மாமா இல்லேன்னா எனக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது" என்று எல்லோரிடமும் சொன்னாள். அவள் மனசாரத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஆபீஸ் விட்டதும் தினமும் ஸ்கூட்டரில் கொட்டகைக்குப் போவார். மூன்று மாதத்தில் கப்பல் எழும்பியது. பீரங்கிகள் சாக்கடைக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய்கள் என்பது அவருக்குத் தெரியும். பலகையெல்லாம் பிளைவுட், அதையும் அவரே பேரம் பேசி வாங்கினார். அப்படியிருந்தும் தலைவனின் அறைக்குள் முதல்முறை நுழைந்தபோது அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். சாய்ந்த ஜன்னல்கள் வரிசையாக, தேன் நிறக் கண்ணாடிகளோடு நின்றன. அவற்றுக்குப் பின்னால் தட்டுகளில் தண்ணீரும் உடைந்த நிலைக்கண்ணாடித் துண்டுகளும் போட்டு விளக்கை அடித்திருந்தாள். கூரையில் வெளிச்சம் அலை அலையாக ஓடியது. ஜூனா பஜார் பழைய சாமான் கடைகளில் பொறுக்கி வந்த பித்தளை விளக்கு, மெழுகு வழிந்து உறைந்த மேஜை, விளிம்பு கருகிய வரைபடம். யாரோ ஒருத்தன் இப்போதுதான் எழுந்து வெளியே போயிருக்கிறான் என்று தோன்றியது. தரை அசைவதுபோல இருந்தது. அசையவில்லை. அதன் அடியில் இருக்கும் ஒவ்வொரு சட்டமும் அவர் போட்டது.

ஒரு தப்பு கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்று கிடைத்தது.

"அந்தக் காலத்துல ஏது ஸ்க்ரூ? கதவுக் கீல்ல பளபளன்னு தெரியறதே!"

"ஐயையோ, ஆமா மாமா! நல்ல வேளை சொன்னேள்" என்று அரக்கை உருக்கி அதன்மேல் வைத்தாள். கீல் முன்னைவிட அழகாகிவிட்டது.

அடுத்த வாரம் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கேஷவ் ரோஹிணியைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். கையில் சுருட்டிய தாளோடு நின்ற விச்சுவைப் பார்த்து ஒரு நிருபர், "யே கார்பென்டர் ஹை?" என்று, இவர்தான் தச்சரா என்பதுபோலக் கேட்டார். கேஷவ் வேறு பக்கம் பேசிக்கொண்டிருந்தார். ரோஹிணிக்குக் காதில் விழவில்லை.

அன்று வீட்டில் மேல்தளத்துக்கான கடைசி டிராயிங் அவர் மேஜைமேல் இருந்தது. தரையிலிருந்து எட்டடி உயரம். அதன்மேல் இருபத்தைந்து பேர் கத்திச் சண்டை போடப்போகிறார்கள். நடுவில் இன்னொரு பீம் வேண்டும் என்று கணக்குப் போட்டு, பென்சிலால் கோடும் இழுத்து, ஓரத்தில் குறிப்பும் எழுதியிருந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்து அழித்தார்.

யாரும் சாக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. தளம் லேசாகத் தொய்ய வேண்டும், கேஷவ் முகம் சுளிக்க வேண்டும், அவள் கண்ணில் நீர் முட்ட வேண்டும், எல்லோரும் 'விச்சு சாப் எங்கே?' என்று தேட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மறுநாள் தாளைக் கொடுத்துவிட்டார். பத்து நாள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. சாதம் இறங்கவில்லை. "ஏன்னா, உடம்புக்கு என்ன?" என்று மனைவி பட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சண்டைக் காட்சி ஞாயிற்றுக்கிழமை காலை. போகக்கூடாது என்று இருந்தவர், எட்டு மணிக்கு ஸ்கூட்டரை உதைத்தார். அவர் உள்ளே நுழைந்தபோது இருபத்தைந்து பேரும் மேலே ஏறிவிட்டார்கள். பாதிப்பேர் காலேஜ் பையன்கள், ஒட்டுமீசையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் பாயில் வெளிச்சம் விழுந்து, அந்தத் தகரக் கொட்டகைக்குள் ஒரு சாயங்காலக் கடல் வந்திருந்தது. கேஷவ் கையை உயர்த்தினார்.

"ருக்கோ! ருக்கோ! எல்லாரும் கீழ இறங்குங்கோ! தாங்காது!"

அது தன் குரல்தான் என்று அவருக்கே உறைக்கவில்லை. கொட்டகை முழுதும் திரும்பிப் பார்த்தது. கேஷவ் கோபமாக எழுந்தார். ரோஹிணி ஓடிவந்து விச்சுவின் முழங்கையைப் பிடித்தாள்.

"ஏக் மினிட், கேஷவ்ஜி. மாமா, வாங்கோ."

குனிந்து அவரைத் தளத்தின் அடியில் கூட்டிப்போய் டார்ச் அடித்தாள். நடுவில் புத்தம்புது இரும்பு பீம், அவர் அழித்த கோடு இருந்த அதே இடத்தில்.

"டிராயிங்கை ட்ரேஸ் பண்ண விளக்குமேல வெச்சேன். அழிச்ச இடத்துல பென்சில் பள்ளம் தெரிஞ்சுது, எழுத்தும் தெரிஞ்சுது" என்றாள். "அப்பறம் கணக்கு வேற மாதிரி வந்துதோ என்னமோன்னு நெனச்சேன். இருந்தாலும் போட்டுடலாம்னு..."

தான் தப்பிக்க அவள் ஒரு வழி விட்டுக்கொடுக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. 'ஆமாம், கணக்கு மாறித்து' என்று சொன்னால் போதும்.

"கணக்கு சரிதான்" என்றார் விச்சு. "வேணும்னுதான் அழிச்சேன்."

மேலே யாரோ நடந்தார்கள். பலகையிலிருந்து தூசி உதிர்ந்தது. ரோஹிணி டார்ச்சை அணைத்தாள்.

"தெரியும் மாமா. பத்து நாளா நீங்க வரலையே" என்றாள். அந்தக் குரலில் சிரிப்பே இல்லை. "என்மேல கோவம்னா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இருபத்தஞ்சு பேர் மாமா."

அவள் வெளியே போய், "ஒண்ணும் இல்லை, ஷாட் போகலாம்" என்று இந்தியில் சொன்னது கேட்டது. தலைக்குமேல் இருபத்தைந்து ஜோடிக் கால்கள் தடதடவென்று ஓடின. பீம் அசையவில்லை. விச்சு அடியிலேயே குந்தியிருந்து அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டார்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேலையை விட்டு அவரை எடுக்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் போட்ட ஒவ்வொரு தாளும் வெளியிலிருந்து ஒரு இன்ஜினியரிடம் போய்க் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. ஏன் என்று கேஷவ் ஒருநாள் கேட்டபோது, "எல்லாருக்கும் அதுதான் ரூல்" என்றாள். விச்சு தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

தொடர் அடுத்த வருஷம் ஒளிபரப்பானது. முதல் பகுதியன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் விச்சு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவனின் அறை திரையில் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. தேன் வெளிச்சம் அந்த நடிகன் முகத்தில் ஏறி இறங்கியது. 'பாப்ரே!' என்றாள் எதிர்வீட்டு மராத்திப் பெண். விச்சுவின் கண் பழையபடி தன்னால் தப்பைத் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை.

"ஏன்னா, இது நீங்க கட்டின கப்பல்தானே?" என்றாள் பட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, பெருமையாக.

"இல்லை. ரோஹிணி கட்டினது" என்றார்.

எல்லோரும் போனபிறகு வானவடிக்குப் போன் போட்டார். அவள்தான் எடுத்தாள்.

"நான்தான், விச்சு மாமா. பாத்தேன்." போன் வயரை விரலில் சுற்றினார். "அந்த ஜன்னல் வெளிச்சம்... எனக்கு அப்படித் தோணியிருக்காது. ரொம்ப நன்னாயிருக்கு."

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

"நிஜமாவா மாமா?" என்றாள் ரோஹிணி. "கேஷவ்ஜி சொல்லிட்டார், பேப்பர்ல எல்லாம் போட்டுட்டா. நீங்க மட்டும் ஒண்ணுமே சொல்லலையேன்னு இருந்தது."

"நிஜமாத்தான்" என்றார் அவர். அதைச் சொல்வது இரண்டாவது தடவையும் சுலபமாக இல்லை.