பார்த்தவர்கள்: ஒருவர்

விடுதியில் அவளுக்குக் கிடங்கு என்று பெயர். செவிலியர் படிப்பில் சேர்ந்த நாள் முதல், பல்கலைக்கழகத் தளத்தில் ஏறிய ஒவ்வொரு பாட வீடியோவையும் இறக்கி, தேதி போட்டு, மணி போட்டு, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் அடுக்கி வைத்திருந்தாள். மற்றவர்கள் தேர்வு முடிந்த கையோடு பாடத்தை அழித்துவிட்டுப் படம் ஏற்றிக்கொள்வார்கள். இவளுக்கு எதையும் அழிக்க மனசு வராது. இரண்டு வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் பாடங்கள் சேர்ந்திருந்தன.

கேலி பேசினாலும், அவளை விட்டால் விடுதிக்கு நாதி கிடையாது. பல்கலைக்கழகம் வகுப்பறைக்கும் அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் இணையத்தை அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, விடுதி என்று வந்ததும் கையைச் சுருக்கிக்கொண்டது. அங்கே ஒரு பாடத்தை ஓடவிட்டால் பேராசிரியர் வாயைத் திறந்த கோலத்திலேயே கால் மணி நேரம் நிற்பார். அதனால் புதுப் பாடம் ஏறிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், கிடங்கு நூலகத்துக்கு ஓடுவாள். சூட்டோடு சூடாக இறக்குவாள். சாயங்காலம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசையில் வந்து உட்காருவாள். அவளிடமிருந்து மூன்று போன், அந்த மூன்றிலிருந்து ஒன்பது என்று, தட்டுக் கழுவி முடிப்பதற்குள் அறுபது பேர் கையிலும் பாடம் போய்ச் சேர்ந்திருக்கும். வீட்டிலிருந்து வந்து படிக்கிற மிச்சம் முப்பது பேர் அவரவர் வீட்டில் நேராகத் தளத்திலேயே பார்த்துக்கொள்வார்கள். தன்னை யாரும் முந்த முடியாது என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அந்தப் பெருமைதான் அத்தனை பேரையும் ஒரு நாள் கொண்டுபோய்ச் சுவரில் முட்டவைத்தது.

மருந்தளவுத் தேர்வில் ஒரு கேள்வி. அறுநூறு மில்லி உப்புநீர் ஐந்து மணி நேரத்தில் ஏறி முடிய வேண்டும். நம் மருத்துவமனையின் வழக்கமான டிரிப் குழாய் செட்டில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? கணக்கு ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. நிமிடத்துக்கு இரண்டு மில்லி. மில்லிக்கு இருபது சொட்டு விழுகிற செட் என்பதால் விடை நாற்பது. வீட்டிலிருந்து வருகிற முப்பது பேரும் நாற்பது என்று எழுதியிருந்தார்கள். விடுதிப் பெண்கள் அறுபத்தொரு பேர், கிடங்கையும் சேர்த்து, ஒருத்தி விடாமல் முப்பது என்று எழுதியிருந்தார்கள்.

அறுபத்தொரு பேருக்கு ஒரே தப்பு விடை. தேர்வு அதிகாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காப்பி அடித்தார்கள் என்று முடிவு கட்டி, விடுதிப் பெண்கள் அத்தனை பேரின் முடிவையும் நிறுத்திவைத்தார். நாலைந்து பேர் அவர் அறைக்கு ஓடினார்கள்.

"சார், மேடமே பாடத்துல பதினஞ்சு சொட்டுன்னுதான் சார் சொன்னாங்க. நாங்க அதை வச்சுத்தான் போட்டோம்."

அவர் தளத்தைத் திறந்து அந்தப் பாடத்தை ஓடவிட்டார். முப்பத்தோராவது நிமிடத்தில் பேராசிரியை திரையில் தோன்றி, மில்லிக்கு இருபது சொட்டு என்று மணி அடித்த மாதிரி சொன்னார்.

"அடிச்சது காப்பி. இதுல மேடம் மேலயே பழி வேறயா?" என்றார் தேர்வு அதிகாரி. "வெள்ளிக்கிழமை விசாரணை. நிரூபணமாச்சுன்னா எல்லாருக்கும் ஒரு வருஷம் போச்சு."

பழி போட்டால் ஒட்டுகிற ஆளும் இல்லை அந்தப் பேராசிரியை. மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் தராசு. அரை மதிப்பெண்ணைக்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்துத்தான் போடுவார். அவர் தப்பாகச் சொன்னார் என்றால் சொன்னவளைத்தான் ஊர் சிரிக்கும்.

கிடங்கு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தன் பிரதியைத் திறந்தாள். முப்பத்தோராவது நிமிடம். அதே தராசு, அதே பலகை. "நம்ம செட்டுல ஒரு மில்லிக்குப் பதினஞ்சு சொட்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும்!"

அறுபத்தொரு பேரும் அப்படியே சொல்லியிருந்தார்கள், பாவம்.

மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்து தளத்தில் இருந்ததையும் தன்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பாடம் முழுக்கத் தராசு கண்ணாடி போட்டிருந்தார். தளத்தில் இருந்ததில் மட்டும் அந்த இரண்டு நிமிடம் கண்ணாடி இல்லை. யாரோ பிறகு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். தன்னுடைய பிரதி, பாடம் ஏறிய பத்தாவது நிமிடத்தில் இறக்கியது. ஒரு நாள் சோம்பேறித்தனமாக இருந்திருந்தால் விடுதி முழுக்க நாற்பது என்று எழுதியிருக்கும். காப்பாற்ற வேண்டிய ஆதாரமும் அவளிடம்தான், கவிழ்த்த கையும் அவள் கைதான்.

அறைத்தோழிக்கு விடுதியில் வைத்த பெயர் வக்கீல். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் விதி எண் சொல்லிச் சண்டை போடுகிறவள்.

"காட்டாத. விதி பதினாலு. இறக்குறது அவங்கவங்க பாக்கறதுக்கு மட்டும். அடுத்தவங்களுக்குக் குடுத்தா ஒரு வருஷம் நீக்கம். நாம எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"அப்ப வாங்கினவங்க?"

"வாங்கினவங்களைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல. தளத்துலேருந்து இறக்கிக் குடுத்தவளைத்தான் தூக்குவாங்க. அது நீ ஒருத்திதான்."

"நான் காட்டலன்னா அறுபத்தொரு பேருக்கும் வருஷம் போகும்."

"அதுல நானும் இருக்கேன். இருந்தும் சொல்றேன் பாரு, அதான் நட்பு," என்று சொல்லிவிட்டு வக்கீல் அழுதுவிட்டாள்.

கிடங்கு தன் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். வண்டியைக் கழுவிக்கொண்டே பேசினாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உனக்கு எதுக்குடி இந்த ஊர்ச்சேவை?" என்று முதலில் ஒரு பாட்டம் திட்டினாள். பிறகு தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"சரி, உண்மையில பதினஞ்சா இருபதா?"

"இருபதுதான்க்கா."

"அப்ப பதினஞ்சுன்னு மண்டையில ஏத்திக்கிட்டு அறுபது பேர் வார்டுக்குள்ள நுழையப் போறாங்களா? நான் பேஷண்ட்டைக் கொண்டாந்து இறக்குவேன், அவ தப்பா ஏத்துவாளா? நீ வாயை மூடிக்கிட்டு நிப்பியா?"

கிடங்கு வெள்ளிக்கிழமை காலை ஹார்ட் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

விசாரணை அறையில் நீள மேசை, சுவரில் பெரிய டி.வி. துறைத் தலைவர் நடுவில் உட்கார்ந்து பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் தேர்வு அதிகாரி, வலப்பக்கம் தராசு. வெளியே தாழ்வாரத்தில் மிச்சம் ஐம்பத்தொன்பது பேர் சுவரோடு சுவராக நின்றார்கள். மாணவிகள் சார்பில் இரண்டு பேரை உள்ளே விட்டார்கள். கிடங்கும் வக்கீலும்.

"சார், மேடம் முதல்ல ஏத்தின வீடியோ எங்கிட்ட இருக்கு," என்றாள் கிடங்கு. "விடுதியில எல்லாருக்கும் அதைக் குடுத்தது நான்தான்."

தேர்வு அதிகாரியின் முகம் மலர்ந்தது. வலைக்கு மீன் தானாக வந்து விழுந்திருக்கிறதே! விதிப் புத்தகத்தை அப்போதே புரட்ட ஆரம்பித்தார். துறைத் தலைவர், "போடுங்க பாப்போம்" என்றார்.

டிஸ்க்கைச் செருகினார்கள். திரை முழுக்கத் தேதியும் மணியுமாக வரிசை கட்டி நின்ற பாடங்களைப் பார்த்துத் துறைத் தலைவரின் புருவம் உயர்ந்தது. அவள் முப்பத்தோராவது நிமிடத்துக்குப் போனாள். பெரிய திரையில், இரண்டு ஆள் உயரத்துக்குத் தராசு நின்று, பதினைந்து சொட்டு என்று சொன்னார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.



"இதெல்லாம் நம்பறதுக்கில்ல சார்," என்றார் தேர்வு அதிகாரி. "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல யாரை வேணா என்ன வேணா பேச வைக்கலாம்."

"அது நான்தான்."

சொன்னது தராசு. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார். "முன்னாடி நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில பதினஞ்சு சொட்டு செட். பத்து வருஷப் பழக்கம், வாயில வந்துடுச்சு. வீட்டுக்குப் போற வழியில பஸ்ல உறைச்சுது. இறங்கி ஓடி வந்து, அந்த ரெண்டு நிமிஷத்தைத் திரும்ப எடுத்து மாத்தினேன். அவசரத்துல கண்ணாடி போடக்கூட மறந்துட்டேன். இந்த நிமிஷம் வரைக்கும் மாத்தினதே எனக்கு ஞாபகம் வரல."

"மாத்தினதை மாணவிகளுக்குச் சொன்னீங்களா?" துறைத் தலைவர் கேட்டார்.

"இல்ல சார். மாத்தறதுக்கு முன்னாடி வீடியோவுக்குக் கீழ பார்த்தேன். பார்த்தவர்கள் ஒருவர்னு இருந்துச்சு. ஒருத்தர்தானே, அவங்களும் திரும்பப் பாக்கும்போது சரியாயிடும்னு விட்டுட்டேன்."

கிடங்கு மெல்லக் கையைத் தூக்கினாள்.

"அந்த ஒருத்தர் நான்தான் மேடம்."

முதலில் சிரித்தது துறைத் தலைவர். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. பேனா உருண்டு கீழே விழுந்தது. வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டாள். தராசு மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அதெல்லாம் சரி," தேர்வு அதிகாரி விடவில்லை. "விதி பதினாலுப்படி இந்தப் பொண்ணு மேல நடவடிக்கை எடுத்தே ஆகணும்."

"எடுங்க," என்றார் தராசு. "ஆனா தப்பைச் சொன்னது நான். அதை மூடி வச்சதும் நான். நம்பித் தூக்கிக்கிட்டு நடந்தது மட்டும்தான் இவ. வரிசைப்படி முதல்ல என்னை நீக்குங்க, அப்புறம் இவ கிட்ட வாங்க."

துறைத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிடங்கிடம் திரும்பினார். "விடுதியில ஒரு வீடியோ இறங்க எவ்வளவு நேரமாகும்மா?"

"இறங்கினாத்தானே சார் தெரியும்," என்றாள் வக்கீல் முந்திக்கொண்டு.

அவர் தலையாட்டினார். விழுந்த பேனாவை எடுத்து நாலு வரி எழுதினார். காப்பிப் புகார் தள்ளுபடி. அந்தக் கேள்விக்கு அறுபத்தொரு பேருக்கும் முழு மதிப்பெண். வீடியோ கொடுத்தவள் மேல் நடவடிக்கை இல்லை. விடுதிக்கு இந்த மாதமே நல்ல இணைய இணைப்பு. எழுதிய தாளைத் தேர்வு அதிகாரியின் விதிப் புத்தகத்துக்கு மேலே வைத்தார்.

தராசு அதற்குள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். நின்றிருந்தவர்கள் விறைத்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க. யாரும் காப்பி அடிக்கல. பதினஞ்சுன்னு நான்தான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். என்னை மன்னிச்சுடுங்க. உங்க ரிசல்ட் இன்னைக்கே வருது."

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் தாழ்வாரம் அல்லோலகல்லோலப்பட்டது. கட்டிப்பிடித்துக்கொண்டவர்கள், குதித்தவர்கள், அங்கேயே உட்கார்ந்து அழுதவர்கள். அலுவலகக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து தலைகள் எட்டிப் பார்த்தன. தராசு கையைத் தூக்கினார்.

"இப்ப சொல்லுங்க. நம்ம செட்டுல மில்லிக்கு எத்தனை சொட்டு?"

"இருபது!"

கூரை அதிர்ந்தது.

"நீ போனை எடு," என்றார் தராசு, கிடங்கைப் பார்த்து. "நான் இப்ப சொல்றதைப் படம் பிடி. நான் தளத்துல போட்டா ஒருத்தர்தான் பாப்பாங்க. நீ குடுத்தா ஒரு ஆள் தப்பாது."

அவள் எடுத்தாள். தராசு சுவரோரம் நின்று, எங்கே தவறினார், சரியான அளவு என்ன, ஏன் என்று இரண்டு நிமிடம் நிதானமாகச் சொன்னார். படம் முடிந்ததும் மூன்று போன்கள் நீண்டன. மூன்று ஒன்பதானது. எல்லாரும் பார்க்க, பட்டப்பகலில், துறைத் தலைவர் அறை வாசலிலேயே அது கை மாறி, போன் மாறிப் பாய்ந்தது. இத்தனை நாள் கடைசி மேசையில் ஒளிந்து செய்த வேலையை அவள் தலை நிமிர்ந்து செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி அழைத்து, வந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டு அனுப்பினாள்.

கூட்டம் கலையத் தொடங்கியபோது முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தேர்வு அதிகாரி. கையில் போன்.

"எனக்கும் ஒண்ணு அனுப்பும்மா. கோப்புல சேர்க்கணும்."

"விதி பதினாலு என்ன சொல்லுதுன்னா சார்..." என்று வக்கீல் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரும்மா," என்றார் அவர்.

கிடங்கு வக்கீலின் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு, மிச்சமிருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கும் அனுப்பிவைத்தாள்.