பதினோரு கிலோ பட்டி

என் கார் ஆறு வருடமாக மழையில் நிற்கிறது. அது நிற்க வேண்டிய ஷெட்டில் ஒரு விமானம் நிற்கிறது. என் வீட்டுக்காரர் தன் கையால் கட்டியது. இரண்டு சீட். ஒன்று அவருக்கு, இன்னொன்று எனக்கு என்று சொல்லித்தான் ஷெட்டைப் பிடுங்கிக்கொண்டார். அந்தச் சீட்டுக்காகத்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எடை விஷயத்தில் அவர் மகா கஞ்சன். கைப்பிடி, தகடு, மிதிகட்டை என்று அகப்பட்டதில் எல்லாம் ஓட்டை போட்டார். விழுந்த தூளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, "பாரு, நாப்பது கிராம் மிச்சம்" என்பார். என் சீட்டின் பஞ்சைக்கூடப் பாதியாக அறுத்தார்.

விமானத்தின் உடம்பும் இறக்கையும் கண்ணாடி நூலைப் பசையில் தோய்த்துச் செய்யும் ஃபைபர் கிளாஸ். அச்சிலிருந்து வரும்போது மேலே மெழுகு ஒட்டியிருக்கும். அதைத் துடைத்து உப்புத்தாளால் தேய்த்தால் ஊசிமுனை அளவில் ஓட்டைகள் தெரியும். அவற்றை அடைக்கப் பட்டி தடவி, காயவிட்டு, தேய்த்து, அடிப்பூச்சாகப் பிரைமர் அடிக்க வேண்டும். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிரைமர் காய்ந்த பிறகுதான் மிச்ச ஓட்டைகள் கண்ணுக்குப் படும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, கன்னம் இறக்கையில் உரசத் தேடுவார். என் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ வருடமாகிறது.

மறுபடி பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி டார்ச். ஒரு வருடம் இப்படியே போனது.

"போதுங்க. வானத்துல யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா?"

"எனக்குத் தெரியும்ல" என்றார்.

ஒருவழியாக எடை போட விமானத் துறை ஆய்வாளர் வந்தார். சக்கரங்களுக்கு அடியில் தராசு வைத்து, கால்குலேட்டரைத் தட்டினார். "உங்க எடை, பெட்ரோல் எல்லாம் போக, பக்கத்து சீட்டுக்கு நாப்பத்தொன்பது கிலோ மிச்சம் சார்."

நான் அறுபது கிலோ. ஆய்வாளர் நல்ல மனிதர், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"பிரைமர் அடிக்கறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டப்ப அறுபதுக்கு மேல வந்துச்சே" என்றார் இவர்.

"பட்டியைச் சேத்தீங்களா?"

இவர் மூலையில் கிடந்த காலி டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது கிராமுக்குத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர், பட்டி டப்பாவை ஒரு தடவைகூட நிறுத்துப் பார்க்கவில்லை. ஓட்டை போட்டு மிச்சம் பிடித்ததையெல்லாம் ஓட்டை அடைத்தே தொலைத்திருக்கிறார்.

ஆய்வாளர் போனதும், "நீ கொஞ்சம் இளைச்சா..." என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் இல்லை, அந்தச் சீட்டில் உட்கார எனக்கு அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது.

மறுநாள் காலை முகமூடி மாட்டிக்கொண்டு, உப்புத்தாளை நனைத்து, இறக்கையைத் தேய்க்க ஆரம்பித்தேன். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு ஓடி வந்தார்.

"ஐயோ, ஓட்டையெல்லாம் தெரியும்."

"தெரியட்டும். உள்ள இருக்கற கண்ணாடி நூல்ல கை வைக்காம எங்க நிறுத்தணும்னு மட்டும் சொல்லுங்க."

இறக்கையை விரலால் தடவி, நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்டினார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அடுத்த இறக்கைக்குப் போனார்.

தோள் கழன்றுவிடும்போல இருக்கும்வரை வாரக்கணக்கில் தேய்த்தோம். தரையில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடியது. கடைசியில் மெல்லிசாக ஒரே ஒரு பிரைமர் பூச்சு. அது காய்ந்த அன்று டார்ச்சை நான் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆய்வாளர் திரும்ப வந்து எடை போட்டார், இந்தத் தடவை என்னைப் பார்த்தே எண்ணைச் சொன்னார்.

விதிப்படி இவர் முதலில் தனியாகப் பறந்து முடித்தார். பிறகு என் முறை வந்தது. பாதிப் பஞ்சு இருந்த சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். மேலே போய்க் கீழே பார்த்தபோது எங்கள் வீடு தெரிந்தது, காலி ஷெட்டும் அதற்கு வெளியே என் காரும் தெரிந்தன. திரும்பிப் பார்த்தால் அவர் வெயிலில் மின்னிய இறக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒரு ஓட்டை தெரியுது" என்றார்.

"அதை அடைச்சிருந்தா நான் இப்ப கீழ நின்னு கையாட்டிக்கிட்டு இருந்திருப்பேன். முன்னால பாத்து ஓட்டுங்க."