நின்றால் மட்டும் வரும் சத்தம்

என் பிக்கப் வண்டி ஓடும்போது வாயைத் திறக்காது. நின்றால்தான் ஆரம்பிக்கும். சிக்னலில் நின்றாலும் சரி, விடுதியின் பின்வாசலில் சலவை மூட்டை இறக்க நின்றாலும் சரி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், தகர டப்பாவுக்குள் நாலு ஆணியைப் போட்டு ஆட்டுகிற மாதிரி. ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், கப்சிப்.

வேறு யாராவது என்றால் நல்ல மெக்கானிக்காகத் தேடிப் போகலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, நல்ல மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டுவிட்டேன். என் வீட்டுக்காரரை இந்த வட்டாரமே 'டாக்டர்' என்றுதான் கூப்பிடும். மூடின பானட்டின் மேல் இடது கையை அழுத்தி வைப்பார், கண்ணை மூடுவார், பிறகுதான் "ஸ்டார்ட் பண்ணு" என்பார். இன்ஜினின் முதல் நடுக்கத்திலேயே பாதிக் கோளாறு தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதில் வந்த பெயர் அது, கூடவே கொஞ்சம் தலைக்கனமும்.

என் வண்டியையும் அப்படித்தான் பார்த்தார். கை வைத்தார், கண்ணை மூடினார், நான் சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. ஆஃப் செய்யச் சொல்லி, பானட்டைத் திறந்து வைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். அப்போதும் இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை, அதுதான் கொடுமை. வண்டிக்குக்கூட இவரிடம் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தார். ஓடும்போதுதான் அது வராதே.

என் மனசு ஆறட்டும் என்று வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சர் கிளாம்பையும் இன்ஜின் மவுண்ட் போல்ட்டையும் முறுக்கிக் கொடுத்தார். மறுநாள் விடுதி வாசலில் அதே கடகட. போய்ச் சொன்னால், காதைக் காட்டிவிட்டு வா என்றார். காட்டினேன். காது டாக்டர் இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இந்த டாக்டர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்.

"அப்ப காதுல ஒண்ணுமில்ல. மனசுலதான்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவரோ அக்கறையாகச் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

அதற்குப் பிறகு எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர் வொர்க்‌ஷாப்பை ஒட்டியே இருக்கிற என் சலவைக் கூடத்தில் மெஷின் சுற்றும்போதெல்லாம், என்னோடு வேலை பார்க்கிற நாத்தனாரிடம் ஏதாவது சத்தம் வருதா என்று கேட்க ஆரம்பித்தேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள். அண்ணன் இல்லைன்னு சொன்னா இருக்காது அண்ணி, நல்லாத் தூங்குங்க, சரியாப் போயிடும் என்பாள். வண்டியில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன். என் காது சொல்வதை நானே நம்பாமல் போய்விடுவேனோ என்று உள்ளுக்குள் பயமாக இருந்தது.

கடைசியில், பக்கத்துத் தெரு வொர்க்‌ஷாப்பில் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் அது வக்கீல் நோட்டீஸ் விடுவதற்குச் சமம். உன் இஷ்டம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, எங்கள் வொர்க்‌ஷாப்புக்குள் நின்ற வண்டியில் மூட்டைகளை ஏற்றிவிட்டு, அதை ஸ்டார்ட் செய்து, கிளம்பப் போனேன். இரண்டு மூட்டையைக் கூடத்திலேயே விட்டுவிட்டது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் மனுஷர் ஓடிப்போய் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் படுக்கை விரிப்புகள், தாடை வரைக்கும் அடுக்கு. வண்டியைச் சுற்றி வந்தவர் பானட்டுக்கு நேராக அப்படியே நின்றுவிட்டார்.

"சத்தம் வருது," என்றார்.

நான் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்.

மூட்டைகளைப் பொத்தென்று தரையில் போட்டார். வொர்க்‌ஷாப் தரை, ஆயில் பிசுக்கு, வெள்ளை விரிப்பு. இடது கையைப் பானட்டில் அழுத்தினார். சத்தம் நின்றது. எடுத்தார். வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி எடுத்தார். அவர் முகத்தில் இருந்த களை மெல்ல இறங்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. பானட் வந்து உட்காருவதற்கு உள்ளே இரண்டு மூலையிலும் ரப்பர் தலை வைத்த திருகு இருக்கும். அதில் ஒன்று நாளாவட்டத்தில் உள்ளே இறங்கிவிட்டது. பானட் அதில் படியாமல் ஆடியிருக்கிறது. கையால் அழுத்தினால் ஆடாது, திறந்து வைத்தாலும் ஆடாது, இன்ஜின் வேகம் எடுத்து நடுக்கம் குறைந்தாலும் ஆடாது. ஸ்பேனர்கூட எடுக்கவில்லை, விரலாலேயே அந்தத் திருகை மேலே ஏற்றிவிட்டு மூடினார்.

இன்ஜின் ஓடியது. ரேடியோவில் யாரோ மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டி சரியானதற்கு இல்லை, நான் சரியாகத்தான் இருந்திருக்கிறேன் என்ற சந்தோஷத்தில்.

என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். கை துடைக்கிற துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"சத்தமில்லன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேனோ, தெரியல," என்றார். துணியை மறுபடி மடித்துக்கொண்டே, "உங்கிட்ட வேற எதெதை ஒண்ணுமில்லன்னு சொல்லியிருக்கேன்?" என்று கேட்டார்.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இன்ஜினை அணைத்தேன்.

"அந்த ரெண்டு மூட்டையையும் திரும்பத் துவைக்கணும். எப்படியும் லேட்டுதான், விடுதிக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க," என்றேன். "சொல்லிட்டு வந்து ஏறி உக்காருங்க."

போன் பேசிவிட்டு வந்து, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"சொல்லு," என்றார்.

நான் ஆரம்பித்தேன்.